மூன்று செங்கல், பதினான்கு நாள்

கோடை விடுமுறை தொடங்கிய மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொத்தனார் பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில் வந்து நின்றார். கையில் பை, பைக்குள் சுத்தியல், உளி, ரசமட்டம், தூக்குக்குண்டு. பின்னால் இரும்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவருடைய கொழுந்தியாள். இருபது வருஷமாக அவருக்குச் சித்தாள் அவள்தான். கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. வாசிப்புக் கூடத்துக்கும் புத்தக அறைக்கும் நடுவே இருந்த முப்பதடிச் சுவரை இடித்துத் தரையைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். இடித்த இடத்தில் புதிய வளங்கள் வரப்போவதாக வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். என்ன வளம் என்று பதாகையில் இல்லை. ஒப்பந்தக்காரர் ஐம்பது நாள் கொடுத்திருந்தார். சுவரை ஒரு தட்டுத் தட்டினாலே அதன் வயசும் குணமும் கொத்தனாருக்குத் தெரிந்துவிடும். இருபது நாளே அதிகம் என்று அவருக்குப் பட்டது.

அவசரம் அவருக்குத்தான். மகள் அதே பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் படித்து, எல்லாத் தாளிலும் தேறி, புள்ளியியலில் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தாள். விடுமுறை முடிந்து மூன்றாவது வாரம் மறுதேர்வு. அதற்குரிய புத்தகம் எந்தக் கடையிலும் இல்லை. நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்தது. சுவர் வேலை முடியும்வரை மாணவர்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்.

"நீங்க முடிச்சாத்தாம்பா எனக்குப் புத்தகம்" என்று சொல்லி, அதன் எண்ணைப் பேனாவால் அவர் முன்கையில் எழுதி அனுப்பியிருந்தாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை.

வாசல் மேசையில் இருந்த எழுத்தருக்கு வலது கட்டைவிரல் நிரந்தரமாக நீலம். நாற்பது வருஷ மை. எல்லாரும் அவரை முத்திரை என்றே கூப்பிட்டார்கள்.

"வாசகர் அட்டை இருக்கா?"

"நாங்க சுவர் இடிக்க வந்திருக்கோம் சார்."

"தாராளமா இடிங்க. அட்டை இல்லாம உள்ள போக முடியாது."

"உள்ள யாருமே இல்லையே. லீவுதானே?"

"லீவு மாணவர்களுக்கு. விதிக்கு இல்ல."

முத்திரை கெட்ட மனிதர் இல்லை. விண்ணப்பத்தைத் தானே எடுத்து, தானே நிரப்பத் தொடங்கினார். விருப்பப் பாடம் என்ற இடத்தில் கொத்தனார் 'சுவர்' என்றார். முத்திரை 'கட்டடக்கலை' என்று எழுதினார். கொழுந்தியாளிடம் முகவரிச் சான்று இல்லாததால் அவளுக்கு அட்டை கிடையாது. பையை உள்ளே கொண்டுபோகவும் கூடாது. எண் போட்ட வில்லை ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வைத்துவிட வேண்டும்.

"சுத்தியல் இல்லாம எப்படி சார் இடிக்கிறது?"

முத்திரை விதிப் புத்தகத்தை எடுத்தார். எச்சில் தொட்டுத் தொட்டு அரைமணி நேரம் புரட்டினார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"பதினேழாம் விதி. துணைக்கு ஒரு ஆளையும் தேவையான கருவிகளையும் கூடவே கொண்டுபோகலாம்."

"அப்ப சரிதானே சார்."

"பார்வையில்லாத வாசகருக்குத்தான் அந்த விதி. நீங்க இந்தக் கட்டத்துல ஒரு கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சிடும். வெறும் காகிதத்துலதானே. உங்க கண்ணு உங்ககிட்டதான் இருக்கப் போகுது."

கொத்தனார் கொழுந்தியாளைப் பார்த்தார். "போடுங்க மாமா, வெயில் ஏறுது" என்றாள் அவள். கொத்தனார் போட்டார். அன்றிலிருந்து அவர் கண் தெரியாத வாசகர், அவள் துணையாள், சுத்தியலும் உளியும் வாசிப்புக் கருவிகள்.

முதல் அடி விழுந்ததும் மாடியிலிருந்து இயக்குநர் இறங்கி வந்தார். முன்பு அவர் நூலகர். போன வருஷம் அறைக்கதவில் பலகை மாறியதிலிருந்து அறிவு வள மேலாண்மை இயக்குநர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். அது இடிபடுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. சத்தத்தில்தான் ஆட்சேபம்.

"கொத்தனாரே, இது நூலகம். அறுபது வருஷமா இந்தக் கட்டடத்துல ஒரு சத்தம் கேட்டதில்ல. பேச்சுச் சத்தம் இல்ல, நாற்காலி இழுக்குற சத்தம் இல்ல. என் காலத்துல பக்கம் புரட்டுற சத்தம்கூடக் கேட்டதில்ல. அந்தப் பெருமைய உங்க சுத்தியல் கெடுத்துடக் கூடாது."

சத்தத்தை அளக்க மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. மூவரும் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள். சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். கால்மணி நேரத்தில் மூவரில் மூத்தவர் தூங்கிப்போனார். மற்ற இருவரும் கலந்து பேசி, அவரை எழுப்பாத சத்தம் அனுமதிக்கத்தக்கது என்று முடிவெழுதினார்கள். அதன்பின் மூத்தவர் தினமும் காலை பத்து மணிக்கு வந்து நாற்காலியில் அமர்ந்து தூங்கினார். கொத்தனார் சாக்குத்துணியைச் சுத்தியலில் சுற்றி, சுவரை நோகாமல் தட்டினார். ஒரு கல்லைப் பெயர்க்க இருபது நிமிஷம் ஆயிற்று.

பெயர்த்த கல்லை வெளியே கொண்டுபோவது அடுத்த பாடம். இரும்புச் சட்டியில் பன்னிரண்டு கல்லை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு கொழுந்தியாள் வாசலுக்கு வந்தாள். முத்திரை கையை நீட்டி மறித்தார்.

"இது நூலகத்துச் சொத்து. வெளிய போறதா இருந்தா இரவல் சீட்டு வேணும். ஒரு தடவைக்கு மூணு. தவணை பதினாலு நாள்."

"பதினாலு நாள் கழிச்சு?"

"திருப்பிக் கொண்டு வரணும்."

"செங்கல்லையா?"

"நல்ல நிலையில."

அவள் ஒன்பது கல்லை இறக்கி வைத்துவிட்டு மூன்றைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தாள். "இருபது வருஷம் சித்தாள் வேலை பார்த்து, கடைசியில பிள்ளைய இடுப்புல வச்சுத் தூங்கப் பண்ணுற மாதிரி செங்கல்லத் தூக்கிட்டுப் போறேன்" என்று வெளியே நின்று சொன்னாள். உள்ளே பேசக் கூடாது. உதிர்ந்த காரையைச் சீட்டு இல்லாமல் கொண்டுபோகலாம், ஆனால் அதுவும் ஒரு தடவைக்கு மூன்று கைப்பிடிதான். ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் ஒரு கையெழுத்து, திரும்பி வரும்போது ஒரு கையெழுத்து. எல்லாம் கொத்தனாரின் அட்டையில் ஏறியது. முத்திரையின் கட்டைவிரல் நீலம் மணிக்கட்டுவரை பரவியது.

பதினெட்டாம் நாள் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. கொத்தனார் அதன் வழியே புத்தக அறைக்குள் தலையை நீட்டினார். அலமாரிகளை நகர்த்திப் புத்தகங்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தரையில் அடுக்கியிருந்தார்கள். முன்கையைப் பார்த்தார். எண் எப்போதோ அழிந்துவிட்டிருந்தாலும் அவருக்கு அது மனப்பாடம். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார். மூன்றாவது அடுக்கில், மேலிருந்து இரண்டாவதாகத் தடித்த பச்சை அட்டை. புள்ளியியல். இருமுறை கூட்டிப் படித்தார். சந்தேகமே இல்லை.

புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கை கழுவிவிட்டுத்தான் எடுத்திருந்தார். முத்திரை அட்டையைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், கடைசியாக அவரைப் பார்த்தார்.

"இத உங்களுக்குத் தர முடியாதே."

"ஏன் சார்? மூணு வரைக்கும் எடுக்கலாம்னீங்களே. இந்தத் தடவ ரெண்டு செங்கல் எடுத்துக்கிட்டு இத ஒண்ணாக் கணக்கு வச்சுக்கங்க."

"கணக்குல தப்பில்ல. நீங்க கண் தெரியாத வாசகர். அச்சுப் புத்தகம் தர விதியில இடம் இல்ல. ஒலிப்புத்தகம்னா தரலாம். புள்ளியியல்ல ஒலிப்புத்தகம் கிடையாது."

"எனக்கு இல்ல சார், என் பொண்ணுக்கு. கண்ணு நல்லாத் தெரியும்னு எழுதிக் குடுத்துடுறேன்."

"எழுதிக் குடுக்கலாம். குடுத்த நிமிஷமே சுத்தியலும் போயிடும், இந்த அம்மாவும் போயிடும். யோசிச்சுக்கங்க."

கொத்தனார் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். ஓட்டைக்கு இந்தப் பக்கம் நின்ற கொழுந்தியாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"சேலைக்குள்ள சொருகிக்கிட்டுப் போயிடுறேன் மாமா. அந்தாளு செங்கல்லத்தான் எண்ணுறாரு."

"வேண்டாம்."

"பாப்பாவுக்காகத்தானே."

"மாட்டினா அவ பேருலதான் எழுதுவாங்க. அப்புறம் தேர்வே கிடையாது."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகள் கேட்டாள். கொத்தனார் புத்தகம் பத்திரமாக இருப்பதாக மட்டும் சொன்னார். மறுநாள் காலை ஓட்டை வழியே பார்த்தபோது தரை காலியாக இருந்தது. புத்தகங்களையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டார்களாம். எங்கே என்று கேட்டதற்கு, "பயணத்துல இருக்கு" என்றார் முத்திரை. பதிவேட்டில் அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள். கொழுந்தியாள் அன்று முழுக்கக் கொத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அன்று சாக்குத்துணியை அவிழ்த்துவிட்டு ஒரே ஒரு அடி அடித்தார். மூத்தவர் விழித்துக்கொண்டார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

புத்தகம் போன இடத்துக்குப் புதிய வளங்கள் வந்தன. நாற்பது பெட்டி. கால் நீட்டிப் படுக்கும் நாற்காலி பன்னிரண்டு. அலமாரி நிறையப் புத்தகம் இருப்பதுபோல் படம் காட்டும் பெரிய திரை ஒன்று. மாணவர்களுக்கென்று வெளியே மரத்தடியில் வைக்க ஒரு சேவைத் திரை. எல்லாவற்றையும்விட இயக்குநர் ஆசையோடு பிரித்தது வருகைத் தூண். வாசலில் நட்டுவிட்டால், உள்ளே நுழைகிற ஒவ்வொருவரையும் எண்ணி உச்சியில் பச்சை எழுத்தில் காட்டும். நட்ட அன்று மாலை முந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. இயக்குநர் தூண் பழுது என்று நினைத்தார். பழுதில்லை, அத்தனையும் கொழுந்தியாளும் கொத்தனாரும், ஒப்பந்தக்காரர் பிறகு அட்டையோடு அனுப்பிய இரண்டு ஆட்களும் கல்லும் காரையும் தூக்கிய நடைதான். போன வருஷம் மாணவர்கள் இருந்த காலத்திலேயே ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்ததில்லை.

அறிக்கை மேலே போயிற்று. கோடையில் வாசிப்பு பத்து மடங்கு உயர்ந்த ஒரே நூலகம் இதுதான் என்று மேலிருந்து பாராட்டு வந்தது.

விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்தது. சுவர் பாதி நின்றது. மாணவர்களுக்கு இன்னும் அனுமதி இல்லை; வேண்டிய புத்தகத்தைச் சேவைத் திரையில் கேட்டால் தேடி எடுத்துத் தருவார்கள் என்றார்கள். மகள் முதல் நாளே மரத்தடிக்குப் போய்த் தன் எண்ணை அழுத்தினாள். திரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னது: உங்கள் வீட்டு முகவரியில் ஆயிரத்து நானூற்று அறுபது பொருட்கள் தவணை கடந்து நிலுவையில் உள்ளன. அவை திரும்பும்வரை உங்கள் அட்டை முடக்கப்படுகிறது.

அதே வாசகத்தோடு நினைவூட்டல் கடிதமும் வீட்டுக்கு வந்தது. மகள்தான் படித்துக் காட்டினாள்.

"ஆயிரத்து நானூத்தறுபது என்னதுப்பா?"

"செங்கல்."

அவள் சிரித்தாள். பிறகு அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கொத்தனார் இயக்குநரைப் பார்க்க மாடிக்குப் போனார். உட்காரச் சொன்னார்கள். தேநீர்கூட வந்தது.

"ஐயா, இன்னும் பத்தே நாள் குடுங்க. அந்தத் தூங்குற பெரியவர வேற ரூம்புக்கு மாத்திட்டாப் போதும், சுவர் முடிஞ்சிடும். மாணவர்கள உள்ள விட்டுடலாம். என் பொண்ணுக்குப் பரீட்சை வருதுங்க."

இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கொத்தனாரே, உங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல. சுவர் இருக்குற வரைக்கும்தான் அத இடிக்க ஆள் வரும். இடிச்சு முடிஞ்ச மறுநாள் அந்தத் தூண்ல என்ன நம்பர் தெரியும்? யோசிச்சுப் பாருங்க. மாணவர்கள உள்ள விட்டா அவங்க ஒரு தடவ வருவாங்க, உட்காருவாங்க, சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நம்பர். உங்க கொழுந்தியா ஒரு நாளைக்குத் தொண்ணூறு. வாசிப்ப வளர்க்குறது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"அப்ப என் அட்டைய ரத்து பண்ணிடுங்கய்யா. செங்கல்லு கணக்கு அவ தலையில இருந்து இறங்கட்டும்."

"அத எப்படிச் செய்ய முடியும்? இந்த வருஷத்துச் சிறந்த வாசகர் நீங்கதான். வருகை நாலாயிரத்து முந்நூறு. அடுத்த வியாழக்கிழமை விழா. துணைவேந்தர் வர்றார்."

"நான் படிக்கவே இல்லையேய்யா."

"தூண் அதக் கேக்குறதில்ல."

விழா நடந்த வியாழக்கிழமை காலையில்தான் மறுதேர்வு. மகள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பழைய குறிப்பேட்டை வைத்துப் படித்துவிட்டுப் போயிருந்தாள். அதில் நடுவில் இருபது பக்கம் இல்லை. கொத்தனார் அவளைத் தேர்வுக்கூடம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, சலவைச் சட்டையோடு நூலகத்துக்கு வந்தார். வாசிப்புக் கூடத்தில் பாதிச் சுவருக்குப் பட்டுத்துணி போர்த்தி அதன் முன்னால் மேடை போட்டிருந்தார்கள். முத்திரை வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் படி தெரியுது சார்."

"தெரியும். பதிவேட்டுல அப்படி இருக்கு, கொஞ்சம் பிடிச்சுக்கறேன்."

துணைவேந்தர் ஐம்பது நிமிஷம் பேசினார். "இருள் சூழ்ந்த உலகத்தில் விரல் நுனியால் அறிவைத் தேடிக் கண்டடைந்த இந்த மாமனிதரைப் பாருங்கள். கண் உள்ள நாமெல்லாம் நூலகத்தின் பக்கமே வருவதில்லை. நான் இந்தக் கட்டடத்துக்குள் வருவது இதுதான் முதல் முறை. இத்தனை பெரிய கூடம் நம்மிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. இவ்வளவு பெரிய நூலகத்தில் ஒரு புத்தகம்கூடக் கண்ணில் படாதபடி எவ்வளவு நேர்த்தியாக வைத்திருக்கிறார்கள்." கைதட்டினார்கள். மூத்தவர் முன்வரிசையில் தூங்கினார்.

கேடயம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கொத்தனார் ஒலிவாங்கியை எட்டி நின்று பார்த்தார்.

"என் பொண்ணு அட்டைய முடக்கி வச்சிருக்கீங்க. அவ ஒரு தப்பும் பண்ணல. செங்கல்ல எடுத்தது நாங்க. எடுக்கச் சொன்னது நீங்க. அவளுக்கு ஒரு புத்தகம் வேணும், அவ்வளவுதான். வேற எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

துணைவேந்தர் எழுந்து அவர் தோளில் கைவைத்தார். இந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்க இப்போதே ஒரு குழு அமைக்கிறேன் என்றார். கைதட்டல் முன்பைவிடப் பலமாக இருந்தது. குழுவுக்கு மூத்தவர் தலைவரானார்.

தேர்வு முடிந்து வந்த மகள் குறிப்பேட்டைப் பக்கத்து வீட்டில் திருப்பிக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. நாலு மதிப்பெண்ணில் போயிற்று. அடுத்த மறுதேர்வு அடுத்த வருஷம். அவள் காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அம்மாக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கொத்தனார் கையமர்த்தினார்.

அதே வாரம் குழுவின் முடிவும் வந்தது. நிலுவையில் உள்ள பொருட்களைத் திருப்பினால் அட்டை விடுவிக்கப்படும். பொருட்கள் முன்பிருந்த இடத்தில் முன்பிருந்த நிலையில் இருக்க வேண்டும். அதாவது சுவரைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டி முடித்தபின், அடுத்த கோடையில் அதை இடிக்கும் பணி அவருக்கே தரப்படும். இயக்குநர் இதை நேரில் சொன்னபோது அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. "கல்லு வெளிய போறப்பவும் தூண் எண்ணுது, உள்ள வர்றப்பவும் எண்ணுது. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்றார்.

கொத்தனார் ஒப்புக்கொண்டார். வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று மூன்று நாள் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். ஆனால் கொழுந்தியாளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு நாளைக்குத் தொண்ணூறு தடவை வாசற்படி ஏறி இறங்கிய கால். வைத்தியர் ஆறு மாதம் படுக்கச் சொன்னார்.

"நான் வர்றேம்பா" என்றாள் மகள்.

"நீயா?"

"கல்லு சீக்கிரம் திரும்பினா அட்டை சீக்கிரம் வரும். வேற ஆளுக்காகக் காத்திருந்தா அடுத்த வருஷமும் போயிடும்."

மறுநாள் சித்தியின் இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அவள் அவர் பின்னால் நடந்தாள். வாசலில் முத்திரை பதிவேட்டைத் திருப்பி வைத்தார். துணையாள் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதை அடுத்துத் தொழில் என்று ஒரு கட்டம். அவள் கைப்பழக்கத்தில் 'மாணவி' என்று எழுதிவிட்டாள். முத்திரை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடிக்கவில்லை. முத்திரை குத்தி, "உள்ள போம்மா" என்றார்.

கூடத்தில் அலமாரிப் படம் காட்டும் திரை எரிந்துகொண்டிருந்தது. அவள் அதன் எதிரே நின்று, வரிசை வரிசையாகத் தெரிந்த புத்தக முதுகுகளைப் பார்த்தாள். பேர்கள் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இல்லை. பிறகு வெளியே போய்க் குவியலிலிருந்து மூன்று செங்கல்லை எடுத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம்வரை கல்லுக்கும் சாந்துக்கும் தண்ணீருக்குமாக அப்படியே நடந்தாள். கொத்தனார் ஒவ்வொரு முறையும் தலை நிமிராமல் அவள் கையிலிருந்து கல்லை வாங்கிச் சாந்து பூசி வைத்தார். தூண் ஒவ்வொரு முறையும் எண்ணியது.

மாதக் கடைசியில் அறிக்கை மேலே போயிற்று. மாணவர் வருகை: இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. இயக்குநர் அந்த வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, பிள்ளைகள் திரும்ப வர ஆரம்பித்துவிட்டார்கள் என்று தன் கையாலேயே எழுதினார்.